தங்கை வந்து இருபது நாள்: ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னும் பின்னும்

இந்தக் கேள்வியை எழுதிக் கேட்டவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒன்பது வருட மணவாழ்க்கைக்குப் பிறகு அவருடைய தங்கை ஏழு வயது மகனோடு அவர் வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. அடி, சந்தேகம், கையில் காசு கொடுக்காதது என எல்லாம் இருந்திருக்கிறது. கடைசியில் ஒருநாள் கணவர் அவள் கழுத்தை நெரித்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பும் தங்கை ஒருமுறை வந்தாள். குடும்பமே சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியது. இப்போது கணவர் தினமும் போன் செய்து அழுகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வந்து அழைத்துப் போவதாகச் சொல்கிறார். தங்கை தூங்குவதில்லை. திடீர் திடீரென்று, "அவரு சாப்பிட்டாரோ என்னவோ" என்கிறாள். "அவள் எப்போதுதான் சரியாவாள், நான் என்ன செய்யவேண்டும்" என்பது கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை நான்கு நாளில் வருகிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அந்தச் சந்திப்பு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம். நடந்தே ஆகவேண்டுமா என்பதைத் தங்கைதான் சொல்லவேண்டும். அவள் "பேசணும்" என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில், குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் முன்னிலையில் பேசட்டும், அல்லது வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில். "வேண்டாம்" என்றால் பெரியவர்களுக்கு இன்றே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லியும் வருவார்கள் என்று தோன்றினால், ஞாயிறு காலையில் தங்கையும் பையனும் வேறொரு வீட்டில் இருக்கட்டும். அது எந்த வீடு என்பது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வாசலில் தகராறு ஆனால் போலீஸ் அவசர எண் 112. கூட்டம் கூட்டிப் பேசித் தீர்க்கும் வேலை வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், கழுத்தை நெரித்தார் என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. நீங்கள் அதைப் பட்டியலில் நான்காவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலாவது. கணவனால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், முன்பு ஒருமுறையாவது கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டின. அடித்தால் கன்றிப்போகும், ஊர் பார்க்கும். நெரித்தால் பல நேரம் தோலில் ஒன்றுமே தெரியாது. குரல் கரகரப்பது, எச்சில் விழுங்கும்போது வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், ஒரு நிமிடம் நினைவு தப்பியது, இவற்றில் எது இருந்திருந்தாலும் இத்தனை நாள் கழித்தாவது அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஏற்பட்ட காயம் நாட்கள் கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம்.

அங்கே டாக்டர் "என்னம்மா ஆச்சு" என்று கேட்கும்போது ஒரு பதில் தயாராக வந்து விழும்: "வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்." பதினைந்து வருடமாகக் குடும்ப வன்முறை ஆலோசகராக வேலை செய்கிறேன். எங்களிடம் வந்த பெண்களின் பழைய மருத்துவச் சீட்டுகளைப் பார்த்தால் தமிழ்நாட்டில் மாடிப்படியும் பாத்ரூமும்தான் பெண்களை அதிகம் அடிக்கின்றன என்று நினைப்பீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். அதை ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்கள், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் கொடுப்பார்கள். நாளைக்குக் கோர்ட்டில் நூறு சாட்சிக்கு அந்த ஒரு தாள் சமம்.

வீட்டைவிட்டு வந்தாயிற்று, இனி ஆபத்து முடிந்தது என்று குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. எங்கள் அனுபவம் நேர்மாறானது. பிரிந்து வந்த முதல் சில மாதங்கள்தான் மிக மோசமானவை. அதிகாரம் கைநழுவுகிறது என்று உணரும் ஆள் முதலில் அழுவார், பிறகு பிள்ளையைக் கேட்பார், பிறகு "நான் செத்துப்போவேன்" என்பார், பிறகு "உன்னையும் விடமாட்டேன்" என்பார். எல்லாரும் கடைசிவரை போவதில்லை. ஆனால் நெரித்தவர், கத்தியையோ பெட்ரோலையோ காட்டியவர், பின்தொடர்பவர், தற்கொலை மிரட்டல் விடுபவர் என்றால் போவார் என்று வைத்துக்கொண்டுதான் ஏற்பாடு செய்யவேண்டும். போனில் அழும் குரல் உண்மையாகவே இருக்கலாம். அழுகை உண்மை என்பதற்காக வீடு பாதுகாப்பாகிவிடாது.

"நானே நாலு பேரோடு போய் ரெண்டு தட்டு தட்டிட்டு வரவா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள்மேல் எஃப்.ஐ.ஆர். விழும், அப்புறம் "கேஸை வாபஸ் வாங்கு, நாங்களும் வாங்குகிறோம்" என்ற பேரத்தில் உங்கள் தங்கையின் கேஸ்தான் போகும். இப்படிப் போன கேஸ்களை விரல் விட்டு எண்ணி முடியாது.

இனி போன். பெண்கள் வீட்டிலிருந்து பை எடுத்து வருகிறார்கள். வேவு பார்க்கும் ஆளையும் அதே பையில் வைத்து எடுத்து வருகிறார்கள். அவள் வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியாத கம்ப்யூட்டர் பெயர் ஒன்று இருந்தால் அவள் உங்களோடு பேசும் ஒவ்வொரு வரியும் அங்கே போகிறது. கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா, ஜிமெயில் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், இதெல்லாம் பார்க்கவேண்டும். ஆனால் எடுத்தவுடன் எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட். திடீரென்று இருட்டானால் அந்தப் பக்கம் உஷாராகிவிடும். அதனால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்த நாளில் அணையுங்கள். அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை, மிரட்டலானாலும் மன்னிப்பானாலும், அழிக்கவே கூடாது.

சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேருக்குக் கணவர் பெயரில்தான் இருக்கும் என்பது என் மேஜைக்கு இந்தப்பக்கம் இருந்து பார்த்த கணக்கு. அவர் நினைத்தால் அதை ஒரே நாளில் முடக்கலாம். வங்கி ஓ.டி.பி., ஆதார் ஓ.டி.பி., எல்லாம் அதோடு போகும். அவள் பெயரில் புது சிம் வாங்கி, ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றிவிடலாம். அதற்கு வேறு ஆவணம் தேவையில்லை. பிறகு வங்கிக் கிளையில் எண் மாற்றம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் அந்த ஏ.டி.எம். கார்டு இப்போது யார் பர்ஸில் இருக்கிறது? பழைய கார்டை முடக்கிப் புதியது வாங்குங்கள். தொகை சின்னதுதான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கேட்காமல் செலவு செய்யும் முதல் ஆயிரம் அது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வக்கீல் விவரமாகச் சொல்வார். வக்கீலுக்குப் பணம் வேண்டாம்: வருமானம் எவ்வளவு இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரவேண்டும், எண் 15100. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, வசவு, பாலியல் வன்முறை, காசைக் கட்டுப்படுத்துவது எல்லாமே அதில் வன்முறைதான். பலருக்குத் தெரியாத ஒன்று: கணவர் ஊர் திண்டுக்கல் என்றாலும், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் திருப்பூரிலேயே மனு போடலாம். அங்கே அலையவேண்டியதில்லை. அருகில் வரக்கூடாது, போன் செய்யக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு, மாதச் செலவு, நகை திரும்பக் கொடுப்பது, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. அதனால் கடைசித் தீர்ப்பை நம்பி உட்காராமல் இடைக்கால உத்தரவையே குறியாக வைத்துக் கேளுங்கள்.

"வீட்டைவிட்டு வந்துட்டா உரிமை போயிடும்" என்று யாரோ பயமுறுத்தியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். போகாது. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

போலீஸ் புகார் தனி. கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ, இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை அன்றே கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். "குழந்தை இருக்கும்மா, அனுசரிச்சுப் போ" என்பார்கள். நல்ல இன்ஸ்பெக்டர்களும் இருக்கிறார்கள், இப்படிப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். எழுதி வைத்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதை மட்டும் தங்கைக்குச் சொல்லிவையுங்கள். நகைக்கு ரசீது இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். கழுத்திலும் கையிலும் என்ன கிடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே விட்டு வந்த சான்றிதழ்களை எடுக்க அவள் தனியாக ஒருநாளும் போகக்கூடாது. பாதுகாப்பு அலுவலரோ போலீஸோ கூடப் போகட்டும்.

பையன் பள்ளிக்கூடம்: டி.சி. வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. தலைமை ஆசிரியரிடம், யார் வந்தால் பையனை அனுப்பலாம், யார் வந்தால் அனுப்பாமல் உங்களுக்குப் போன் செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாதவரை அப்பா வந்து நின்றால் பள்ளி திணறும். இடைக்கால உத்தரவை வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது "அவரு சாப்பிட்டாரோ என்னவோ."

இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வருகிறது, புரிகிறது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் அவள் செய்த முக்கியமான வேலை சமையல் இல்லை, துவைப்பது இல்லை. அவர் முகத்தைப் படிப்பது. வண்டி நிற்கும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துகொள்வது. சாப்பிட்டால் இரவு அமைதி, தட்டைத் தள்ளினால் அடி. "சாப்பிட்டாரா" என்பது பாதி பாசம், பாதி புயல் எச்சரிக்கை. மூளை அந்த வேலையை இருபது நாளில் ராஜினாமா செய்யாது. பாசமும் பொய்யில்லை. அடித்துவிட்டு மறுநாள் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிவந்த மனிதர் அவர். எப்போதும் அடிப்பவரை வெறுப்பது சுலபம். எப்போது பூ வரும், எப்போது அடி வரும் என்று தெரியாத இடத்தில்தான் மனசு கட்டுண்டு போகும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் ஊரில் இதையே ஒரு பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடத் தீங்கு செய்த பழமொழி இல்லை.

அதனால் அவள் அவரை நினைத்து அழுதால் "இன்னுமா அந்த ஆளை நினைக்கிறே" என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அவரிடம் பேசுவாள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்பது போதும். இது ஒரு துக்கம். செத்த வீட்டுக்கு ஊர் வரும், பதினாறு நாள் சோறு வரும். இந்தத் துக்கத்துக்கு வாழாவெட்டி என்ற பட்டம் வரும். வேறொன்றும் வராது.

தூக்கம். அவர் வழக்கமாகக் குடித்துவிட்டு வரும் நேரம் எது என்று கேட்டுப்பாருங்கள். பத்தரை என்றால் பத்தேகாலுக்கு அவள் உடம்பு விழித்துக்கொள்ளும். கதவைத் தாழிட்டாயிற்றா என்று நான்கு முறை பார்ப்பாள். பார்க்கட்டும், தடுக்காதீர்கள். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். திடுக்கிட்டு எழுந்தால் காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் பொருள்களின் பெயரை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்: காலண்டர், குடம், பையனோட ஸ்கூல் பை. இது திண்டுக்கல் இல்லை, திருப்பூர் என்று உடம்புக்குச் சொல்லும் வழி அது. மாதக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் அவசரம் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சில மாதம் மாத்திரை சாப்பிடுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வரும் சித்தி, பெரியம்மா ஒவ்வொருவருக்கும் அவள் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டாம். ஒவ்வொரு முறையும் அவள் அந்த அறைக்குள் மறுபடி போய் வருகிறாள். ஒரே ஒருமுறை, நம்பிக்கையான ஒருவரிடம், தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதிக்கொள்ளும்படி சொல்லட்டும். பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கைக்கும் அதுவே உதவும். மற்றவர்களுக்கு உங்கள் மனைவி ஒரு வரி சொன்னால் போதும்: "உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இங்கதான்."

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இப்படிப்பட்டவர்கள் மீள்வதை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது, பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வந்த முதல் வாரமே "தையல் கிளாஸ் போ, வேலைக்குப் போ, எல்லாம் மறந்துடும்" என்கிறோம். வேலை வேண்டும்தான், ஆனால் கதவுத் தாழ்ப்பாளை நம்ப ஆரம்பித்த பிறகு.

எங்கள் மையத்தில் தங்கிய ஒரு பெண் ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, ஃபேன் போட்டுக்கலாமா" என்று கேட்பார். சித்திரை வெயில், வேர்த்து ஊற்றும். ஆனாலும் கேட்காமல் போடமாட்டார். டீ குடிக்கலாமா, துணியை இந்தக் கொடியில் போடலாமா என்று எல்லாவற்றுக்கும் அனுமதி. நாங்கள் ஒவ்வொரு முறையும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொன்னோம், முதல் மாதம் அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இஷ்டம் என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தது. ஒருநாள் நான் கணக்கு நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் விறுவிறுவென்று வந்தார், ஃபேனைப் போட்டார், இரண்டில் ஓடியதை நான்குக்குத் திருகினார், என் தாள்கள் எல்லாம் பறந்தன. நான் வாயே திறக்கவில்லை. "அவள் எப்போது சரியாவாள்" என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த அளவுகோல் இந்த மாதிரிதான் இருக்கும். மாதக் கணக்குச் சொல்ல முடியாது.

ஆகவே நீங்களும் அவளுக்காக முடிவெடுக்காதீர்கள், நல்ல முடிவானாலும். "கேஸ் போடறோம், நீ சும்மா இரு" என்று ஒரு அண்ணன் சொல்லும்போது அவளுக்கு ஆள்தான் மாறியிருக்கிறார். இன்று என்ன குழம்பு என்பதிலிருந்து விவாகரத்து வேண்டுமா என்பதுவரை அவள் வாயால் வரட்டும். தாமதமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், படுக்கையை நனைக்கிறான், அம்மாவைக் கை ஓங்குகிறான் என்று. "அப்படியே உங்கப்பன்" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. ஏழு வயதில் அவன் பார்த்த ஒரே ஆம்பளை முன்மாதிரி அது. நீங்கள் உங்கள் மனைவியிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை அவன் இப்போது கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓங்கிய கையை மெல்லப் பிடித்து "இந்த வீட்ல யாரும் யாரையும் அடிக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு விளையாட அனுப்புங்கள். போனில் அப்பா என்ன சொன்னார் என்று அவனிடம் துருவாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. மூன்று வருடத்துக்கு முன் திருப்பி அனுப்பினோம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவளுக்குக் கோபம் வரும். அது அவர்மேல் வருவதற்கு முன்னால் உங்கள்மேல் வரும், ஏனென்றால் உங்களிடம் கோபப்பட்டால் அடி விழாது. அப்போது "அன்னிக்கு எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே, தனியாக, "அன்னிக்கு உன்னை அனுப்பினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-இன்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுக்க வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடிப்போனவர்கள் 14 சதவீதம்தான். உங்கள் தங்கை இரண்டு முறை தேடி வந்திருக்கிறாள்.

அவள் மறுபடி அவரிடமே போகலாம். நடக்கும், நிறையப் பேர் போகிறார்கள். போனால் "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வாக்கியம்தான் அவரிடம் இருக்கும் பெரிய ஆயுதமாகும். ஆதார் நகல், வங்கிப் புத்தகம், ஏ.ஆர். காப்பி, கொஞ்சம் பணம் உங்களிடமோ அவள் நம்பும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ இருக்கட்டும். போனில் அவள் "அம்மாவோட கம்மல் ரிப்பேர் ஆச்சா" என்று கேட்டால் உடனே பெண்கள் உதவி எண் 181-க்கும் 112-க்கும் சொல்லவேண்டும் என்பதுபோல் ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நகர சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது இந்த விஷயத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு ரூபாய் இல்லாமல் மாற்றுச் சேலைகூட இல்லாமல் ஏறி வந்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் மனைவி. ஒரு பெட்ரூம் வீட்டில் இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள், பாரம் முழுக்க அவர் தலையில். நாத்தனாருக்குப் பரிந்து பேசுவதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், செலவு எவ்வளவு, எத்தனை மாதம், யார் எங்கே படுப்பது என்று. இடம் உண்மையிலேயே போதவில்லை என்றால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள்வரை தங்கலாம், அங்கிருந்து தங்கும் விடுதிகளுக்கு அனுப்புவார்கள். வேலை கிடைத்தபின், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கலாம்.

பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, பூட்டும் சாவியும் உள்ள தட்டாகப் பார்த்து, தங்கையிடம் கொடுங்கள். அந்த சி.எஸ்.ஆர். ரசீதும் ஏ.ஆர். காப்பியும் புது ஏ.டி.எம். கார்டும் அதில் இருக்கட்டும். பத்திரமாக இருக்கும் என்று நீங்கள் வாங்கி வைக்கவேண்டாம். மாற்றுச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.